உலை அறைக்குள் வந்த உப்பு

உலை அறைக்குள் உப்பைக் கொண்டுவந்தது நீங்கள். நான் இல்லை.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. எழுத்து என் தொழிலும் இல்லை. சிலிக்கான் தட்டுகளைச் சூடாக்குவதும், பிறகு அவற்றைச் சோதிப்பதுமாக என் காலம் போனது. அந்தக் காலத்தின் மேல் ஒருவர் துப்பிவிட்டு, அதையே மேடையில் வேடிக்கையாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

யாரைச் சொல்கிறேன் என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். மெட்ராஸுக்கு வெளியே, நம் நாட்டில் டிரான்சிஸ்டர் செய்யத் தொடங்கிய காலத்துத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். இப்போது எங்கே பார்த்தாலும் சிப், சிப் என்று பேச்சு. அதனால் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அவருக்கும் போர்த்துகிறார்கள். ‘முன்னோடி’ என்கிறார்கள். அவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் அது அவருக்கு இன்னொரு விளம்பரம். படித்தால் அவருக்குத் தெரியும்.

இனி உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

நான் இப்போது மரக்காணத்தில்தான் இருக்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பூசை நேரம், யார் வீட்டில் சாவு, புயல் எச்சரிக்கை, இவ்வளவுதான் அதில் வரும். போன மாதம் அதில் ஒரு வீடியோ வந்தது. ‘நம்ம ஊரைப் பத்திப் பேசுறாரு’ என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். திறந்தேன். புதுச்சேரிக்குப் போகும் வழியில் உள்ள ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் மேடை. நடுவில் நீங்கள். முடி கொட்டிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது.

“எங்க ஃபேக்டரில ஒரு பொண்ணு இருந்தா. மரக்காணம். உப்பளத்துப் பொண்ணு. நல்லாப் படிச்சவதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பாருங்க, கையில உப்பு ஊறிப்போயிருக்கு! அவ தொட்ட வேஃபர் மொத்தமும் காலி. உப்புக்காரின்னே பேர் வெச்சுட்டோம் அவளுக்கு. அதனால, ஸ்டூடண்ட்ஸ், நாளைக்கு நீங்க சிப் ஃபேக்டரி ஆரம்பிச்சா, கடலோரத்து ஆளை மட்டும் உள்ள விட்டுடாதீங்க!”

அரங்கமே சிரித்தது. கேமரா மாணவர்கள் பக்கம் திரும்பியது. அந்தக் கல்லூரியில் யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கீழ்புத்துப்பட்டுப் பிள்ளைகள், இந்தக் கடலோரத்துக் குப்பத்துப் பிள்ளைகள், எங்கள் தெருப் பிள்ளைகள். அவர்களையும் சேர்த்துத்தான் சிரிக்க வைத்தீர்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் குழுவில் கேட்டார். “அக்கா, நீங்க அந்த மாதிரி கம்பெனிலதான வேல பாத்தீங்க? இது நீங்களா?”

‘நான்தான். ஆனால் பொய்’ என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகங்கள் மேலே அப்படியே இருந்தன.

சரி. கதை சொல்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா? நானும் சொல்கிறேன்.

என் அப்பா உப்பளத்தில் கூலி. இதில் அழகு ஒன்றும் இல்லை. இப்போது ஈசிஆரில் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். உப்புக் குவியலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். வெள்ளை மலையாம். அந்த வெள்ளையில் வெயில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அப்பாவின் கண் எப்போதும் சிவந்திருக்கும். குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பாத்தியில் இறங்கினால் அந்த வெடிப்புக்குள் உப்புத்தண்ணி போகும். வலிக்கிறதா என்று கேட்டால், “பழகிடும்மா” என்பார். பழகவில்லை. இறங்கும்போது முதல் அடியில் அவர் முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். பாண்டிச்சேரியில் இயற்பியல் எம்எஸ்சி முடித்தேன். உங்கள் தொழிற்சாலையில் ஆள் எடுத்தபோது எழுதிப் போட்டேன், தேர்வு வைத்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். யாரும் எனக்குத் தானம் செய்யவில்லை.

நான் சேர்ந்தபோது ரேடியோவுக்கான டிரான்சிஸ்டர்தான். என்னை உலை அறையில் போட்டார்கள். ஆள் நீளத்துக்குக் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி. உள்ளே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் தகிக்கும். வேஃபர் என்று நாங்கள் சொல்லும் சிலிக்கான் தட்டுகளை ஒரு கண்ணாடிச் சட்டத்தில் நிறுத்தி, நீளக் கம்பியால் மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். மெட்ராஸில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் உள்ளே இருப்பது எல்லாம் குப்பை. அதையும் சமாளித்தோம். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. என் கையில் உடைந்த தட்டுகள் குறைவு என்று அப்போது நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மேடையில் அதைச் சொல்லவில்லையே?

பிறகு புது வகை டிரான்சிஸ்டர் வந்தது. சிலிக்கானின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடித் தோல் வளர்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசு. அந்தத் தோலில்தான் எல்லாம் இருக்கிறது. அதன் எதிரி சோடியம். அதாவது சோற்றில் போடும் உப்பில் உள்ளதுதான். துளி உள்ளே போனாலும் அந்தக் கண்ணாடிக்குள் அலைய ஆரம்பித்துவிடும். இன்று சரியாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் நாளைக்கு வேறு மாதிரி வேலை செய்யும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. வேஃபரைச் சூடாக்கி, மின்னழுத்தம் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் இயந்திரத்தைத் தாளில் ஒரு கோடு வரைய வைப்போம். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நல்லது. இரண்டாவது கோடு தள்ளிப் போனால் சோடியம் இருக்கிறது. ‘கோடு நடக்குது’ என்று எங்களுக்குள் சொல்வோம். காலையில் வந்ததும் ஒருவரை ஒருவர் கேட்கும் கேள்வியே அதுதான். “இன்னா, கோடு நடக்குதா, நிக்குதா?”

அதனால் உள்ளே நுழைய ஆயிரம் கட்டுப்பாடு. அதை எல்லாம் போட்டது நீங்கள்தான், சரியாகத்தான் போட்டீர்கள். பவுடர் கூடாது. பூ கூடாது. குங்குமம், சாந்துப்பொட்டு எதுவும் கூடாது. பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவோம். கல்யாணமான பெண்கள் சிலர் அதற்காக அழுதார்கள். “சயன்ஸ்னா சயன்ஸ்தாம்மா” என்று அவர்களிடம் சொன்னீர்கள். உறை போடாமல் யாரும் எதையும் தொடக் கூடாது. வேஃபரை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். உறை போட்ட கையால்கூடத் தொடக் கூடாது.

‘அவள் தொட்ட வேஃபர்’ என்கிறீர்கள். அங்கே யாருமே வேஃபரைத் தொட்டதில்லை. அது உங்களுக்குத் தெரியும். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

அந்தக் கோடையில் அப்பா என்னைப் பார்க்க வந்தார். என் வேலை நிரந்தரமாகியிருந்தது. மேலதிகாரிக்கு ஒரு வணக்கம் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வேண்டாம் என்றேன்.

“ஏம்மா, எம்பொண்ணுக்கு வேல குடுத்த மனுஷன். போய்ப் பாக்கலன்னா நல்லாவா இருக்குது?”

“சரி, வா. கையில இன்னா மூட்ட?”

“உப்பு. பெரிய மனுஷன் வூட்டுக்கு வெறுங்கையோடவா போறது? நம்மகிட்ட இதான இருக்குது.”

நல்ல கோடைக் கல்லுப்பு. கொண்டைக்கடலை அளவுக்குப் பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார். உங்கள் வீட்டு வாசலில் உங்கள் மனைவி வந்தார்கள். அப்பா பையை நீட்டினார். “ஐயையோ, உப்பைக் கையில குடுக்காதீங்க. கீழ வைங்க, நான் எடுத்துக்கறேன்” என்றார்கள். அப்பாவுக்கும் அந்த வழக்கம் தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டார். அசடு வழியச் சிரித்துக்கொண்டு கீழே வைத்தார். நீங்கள் வெளியே வந்து பையைப் பிரித்துப் பார்த்தீர்கள்.

“அடடா! மரக்காணம் கல்லுப்பா? இந்த மாதிரி இங்க கிடைக்காதுங்க.”

பஸ் ஏறும்வரை அப்பா அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “நல்ல மனுஷன்மா. உப்பப் பாத்துட்டு எவ்ளோ சந்தோஷப்பட்டாரு பாத்தியா?”

மழைக்கு முன்னால் எங்கள் கண்ணாடித் தோல் நன்றாக வர ஆரம்பித்தது. கோடு நின்றது. வாரக்கணக்கில் நின்றது. டில்லியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அப்போது ஆயுதபூஜை வந்தது. எல்லா வருஷமும் பூஜை கீழே, பொருட்கள் வைக்கும் அறையில் நடக்கும். அந்த வருஷம் உலைக்கே பூஜை போட வேண்டும் என்றீர்கள். கண் பட்டிருக்கிறது, திருஷ்டியும் சுற்ற வேண்டும் என்றீர்கள்.

உலை ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தாரே, அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சார், கதவுக்கு வெளியவே செஞ்சிடலாமே” என்றார். நீங்கள் காதில் வாங்கவில்லை. நான் முன்னால் வந்தேன்.

“உள்ள வேணாம் சார். சந்தனம், குங்குமம், உப்பு, எதுவும் உள்ள வரக் கூடாது. நீங்க போட்ட ரூல் சார்.”

“ஏம்மா, உங்க கோயில்ல ஃபாதர் தண்ணி தெளிக்கிறதில்லையா? எங்க சாமின்னா மட்டும் ரூலா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்கு மேல் நான் பேச வழி இல்லாதபடி ஒரே வார்த்தையில் வாயை அடைத்தீர்கள். நான் பேசியது சோடியத்தைப் பற்றி. நீங்கள் அதை வேதக்காரியின் வாய்க்கொழுப்பு ஆக்கினீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திருஷ்டி சுற்றுவதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. எங்கள் வீட்டிலும் சுற்றுவோம். என் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து, முதலில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, எங்களை உட்கார வைத்துச் சுற்றி அடுப்பில் போடுவாள். அடுப்பில் போடுவாள். சோற்றுப் பானையில் போடமாட்டாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? எங்கள் நெற்றிப் பொட்டை வாசலில் துடைக்கச் சொன்னவர், உலைக்குப் பொட்டு வைத்தீர்கள். குழாய் வாயைச் சுற்றிச் சந்தனம் பூசினீர்கள். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்தீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

“இது உங்கப்பா குடுத்த உப்புதாம்மா. திருஷ்டிக்கு இந்தக் கல்லுப்புதான் சரி.”

கை நிறைய உப்பும் மிளகாயும் எடுத்து உலை வாய்க்கு நேராகச் சுற்றினீர்கள். விரல் இடுக்கில் கல் உதிர்ந்தது. கண்ணாடிச் சட்டங்கள் வைக்கும் மேசையில் விழுந்தது. நீங்கள் அதைப் புறங்கையால் தள்ளிவிட்டீர்கள். நெருப்பில் போட வேண்டுமே, அங்கே வேறு நெருப்பு ஏது? ஒரு சிட்டிகையைத் தகிக்கும் குழாய் வாயிலேயே போட்டீர்கள். படபடவென்று வெடித்தது.

“பாத்தியா! எவ்ளோ கண்ணு பட்டிருக்குன்னு பாத்தியா!”

கல்லுப்பைச் சூட்டில் போட்டால் வெடிக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் சிக்கியிருக்கும், அது ஆவியாகி உடைத்துக்கொண்டு வரும். உப்பளத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அடுப்பில் போட்டு விளையாடியிருக்கிறோம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு உங்களைச் சுற்றி நின்றவர்கள் பயத்தோடு பார்த்தார்கள், அது உங்களுக்குப் பிடித்திருந்தது.

பூஜை விடுமுறை முடிந்து உலையை ஓட்டினோம். கோடு நடந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, தாளை விட்டே வெளியே போனது. அடுத்த தொகுதியும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. சூட்டில் சோடியம் குவார்ட்ஸுக்குள் ஊறிவிட்டால் கழுவிப் போக்க முடியாது. நான் உங்கள் அறைக்கு வந்து சொன்னேன், உப்புதான் சார், குழாயை மாற்றுங்கள் என்று. “பாக்கலாம்” என்றீர்கள்.

மறுநாள் எல்லோரையும் கூட்டினீர்கள். மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் காய்ச்சி வடித்த நீர். நீரில் உப்பு இருந்தால் முள் நகரும் ஒரு மீட்டர். நானும் நினைத்தேன், எல்லோர் கையையும் சோதிக்கப் போகிறார் என்று.

“நீ வாம்மா. கைய வை.”

வைத்தேன். முள் நகர்ந்தது.

“பாத்தீங்களா?” என்று எல்லோரையும் பார்த்தீர்கள். “உப்பளம்! பரம்பரையா ஊறியிருக்கு.”

“நீங்களும் வைங்க சார்.”

“என் கை எதுக்கு?”

“யார் கைய வெச்சாலும் முள் நகரும் சார். மனுஷக் கை. வேர்க்குது.”

“எதிர்த்துப் பேசாதே. போ.”

கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டீர்கள். வேறு ஒருவர் கையும் அதில் போகவில்லை. இப்போது கேட்கிறேன், உங்கள் வியர்வை என்ன சர்க்கரைத் தண்ணீரா?

அந்த வாரமே என்னை உலை அறையிலிருந்து எடுத்துச் சோதனைப் பிரிவில் போட்டீர்கள். அதே வாரம் குழாயையும் மாற்றினீர்கள், மேசையையும் மாற்றினீர்கள். கோடு நின்றது. “உப்புக்காரி போனா, உப்பும் போச்சு” என்றீர்கள். குழாயை மாற்றியதை யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து என் சொந்தப் பெயரே போய்விட்டது. கேன்டீனில் சாம்பாரில் உப்புக் குறைந்தால் யாராவது கத்துவான், “டேய், உப்புக்காரி அக்காவ ஒரு தடவ கையக் கலக்கச் சொல்லுடா!” வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகும் ஆட்களில் நான் இருந்தேன். எடுத்துவிட்டீர்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர் போனார்.

அடுத்த ஆயுதபூஜைக்கும் உள்ளேதான் சுற்றினீர்கள். இந்த முறை கோடு நடந்ததை முதலில் பார்த்தது நான்தான். சோதனை இயந்திரம் என் கையில் இருந்தது. உலை அறைப் பக்கம் நான் போயே பல மாதம் ஆகியிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

“போன வருஷம் என் கைன்னீங்க. இந்த வருஷம் யார் கை சார்?”

தாளைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். “உன் காத்துப் பட்டிருக்கும், போ” என்றீர்கள். ஆனால் சிரிப்பு வரவில்லை உங்களுக்கு. அதை நான் கவனித்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் பூஜையை வராந்தாவுக்கு மாற்றினீர்கள். பூசணிக்காய் வெளியே, குங்குமம் வெளியே, உப்பு வெளியே. கதவு சாத்தியிருந்தது. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பூஜைக்குப் பிறகு உலையை ஓட்டினார்கள், கோடு நின்றது. அதன் பிறகு ஒரு ஆயுதபூஜைக்கும் கோடு நடக்கவில்லை.

ஆகவே உங்களுக்குத் தெரியும். தெரியாமல் செய்தவர் பூஜையை இடம் மாற்ற மாட்டார். உங்களை நான் முட்டாள் என்று சொல்லவில்லை. முட்டாளாக இருந்தால் மன்னித்துவிட்டுப் போயிருப்பேன்.

தொழிற்சாலையை மூடும்வரை சோதனைப் பிரிவிலேயே இருந்தேன். அங்கும் நன்றாகத்தான் வேலை செய்தேன். அதைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ள இதை எழுதவில்லை. நான் செய்ய விரும்பியது உலை வேலை. அந்த அறைக்குள் என்னை மறுபடி யாரும் விடவில்லை.

இதெல்லாம்கூட எனக்கு நடந்தது, நான் தாங்கிக்கொள்வேன். அப்பா விஷயம் வேறு.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உங்கள் கேன்டீனில் வேலை பார்த்தார். அவர் வாய் சும்மா இருக்குமா? அடுத்த முறை நான் ஊருக்கு வந்தபோது அப்பா எழுந்து வந்து என் பையை வாங்கவில்லை. வழக்கமாக ஓடி வருவார். அன்று கிணற்றடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு வந்து பையைத் தொட்டார்.

“இன்னாப்பா இது?”

“இல்லம்மா… நம்ம கை… உன் சாமான்ல பட்டுடப் போவுது.”

“யாரு சொன்னா உனக்கு?”

“நான் குடுத்த உப்பாலயாம்மா உனக்கு இப்படி ஆச்சு?”

இல்லை என்றேன். கத்திச் சொன்னேன். சோடியம், குவார்ட்ஸ், திருஷ்டி, எல்லாம் விளக்கினேன். தலையாட்டினார். அடுத்த முறை வந்தபோதும் கை கழுவினார். நான் கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தைத் தொடுவதற்குக்கூடக் கழுவினார். கடைசிவரைக்கும் கழுவினார். படுத்த படுக்கையாக இருந்தபோது என் கையைப் பிடிக்க வந்தவர் பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

உங்கள் நகைச்சுவை போய்ச் சேர்ந்த இடம் அது.

வீடியோவைப் பார்த்த பிறகு கல்லூரியில் கேட்டு உங்கள் எண்ணை வாங்கினேன். கூப்பிட்டேன். ஊர் பேரைச் சொன்னதும் உங்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“யாரு, உப்புக்காரியா? எப்படிம்மா இருக்கே? வீடியோ பாத்தியா? நல்லா வந்திருக்கில்ல?”

“அந்த உப்ப உள்ள கொண்டுவந்தது யாரு சார்?”

“ஐயோ, அதெல்லாம் எவ்ளோ காலமாச்சு. பசங்களுக்கு ஒரு கதை வேணும்மா. சோடியம் சோடியம்னு சொன்னா தூங்கிடுவாங்க. ஒரு ஆளு வேணும் கதைல.”

“ஆளு வேணும்னா உங்க கையச் சொல்லலாமே.”

“அது எடுபடாதும்மா.”

இதுதான் நீங்கள் சொன்ன வார்த்தை. எடுபடாது. பொய் என்று நீங்கள் மறுக்கவில்லை. மறந்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. அதிகாரி தன் கையால் உலையைக் கெடுத்தார் என்றால் எடுபடாது. உப்பளத்துக் கூலிக்காரன் மகள் கெடுத்தாள் என்றால் எடுபடும்.

“இல்ல சார், திருத்திச் சொல்லுங்க.”

“பூஜையால கெட்டுதுன்னு நான் மைக்ல சொல்லணுமா? நாளைக்கே பிரச்சனை ஆகிடும். நீ சொன்னா இன்னும் மோசம், நீ வேற கோயில் ஆளு. பாத்துக்கோம்மா. வயசாயிடுச்சு நமக்கு.”

மிரட்டல்தான், வேறென்ன. அன்றைக்கு உலை அறையில் என் வாயை அடைக்க எடுத்த அதே ஆயுதத்தை மறுபடி எடுத்தீர்கள். பூஜையால் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. உப்பால் கெட்டது. உங்கள் கவனக்குறைவால் கெட்டது. பாதிரியார் வந்து மந்திரித்த உப்பைத் தூவியிருந்தாலும் கோடு நடந்திருக்கும். சோடியத்துக்குச் சாதியும் கிடையாது, மதமும் கிடையாது. அதை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள்தான்.

போனை வைத்துவிட்டேன். பிறகு கல்லூரி முதல்வருக்கும் பேசினேன். “மேடம், சார் ரொம்ப சீனியர். அது சும்மா ஹியூமர்தானே” என்றார். எங்கள் பங்குத்தந்தை, “விட்டுடுங்கம்மா, மன்னிச்சிடுங்க” என்றார். மன்னிக்க வேண்டுமானால் முதலில் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? பாவசங்கீர்த்தனத்தில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

அந்தக் கல்லூரியில் மாணவர்கள் சிப் வேலை பழக, தூசு புகாத ஒரு கிளீன் ரூம் கட்டி முடித்திருக்கிறார்கள். திறந்துவைக்கப் போவது நீங்கள். சாலையோரம் பேனர் கட்டிவிட்டார்கள், நான் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். மறுபடி அதே மேடை, அதே மைக். எங்கள் கடலோரத்துப் பிள்ளைகள் அந்த அறைக்குள் கை உறை மாட்டிக்கொண்டு நுழையப் போகிறார்கள். நுழையும் முன்பே அவர்கள் கையில் உப்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பக்கத்தில் நிற்பவன் கிண்டலுக்குக் கேட்பான், எந்த ஊருடா நீ என்று. அந்தப் பிள்ளை ஊர் பேரைச் சொல்லத் தயங்கும்.

போனில் எனக்கு விளக்கம் வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ‘மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பவும் வேண்டாம். எல்லோருக்கும் கேட்கச் சொன்ன பொய்க்கு எல்லோருக்கும் கேட்கத்தான் பதில் வர வேண்டும்.

அந்த மைக்கில் சொல்லுங்கள். அன்று உலை வாய்க்கு நேராக உப்பைச் சுற்றியது யார் கை? அந்தக் கிண்ணத்தில் என் கையை மட்டும் ஏன் வைக்கச் சொன்னீர்கள்? என் கைதான் காரணம் என்றால், நான் போன பிறகும் கோடு ஏன் நடந்தது? அதற்கு அடுத்த வருஷம் பூஜையை வராந்தாவுக்கு ஏன் மாற்றினீர்கள்?

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பதில் சொல்லுங்கள்.